மடியில் கயிறு

கிட்ட வாங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு என் வலது பக்கமா உட்காருங்க. இடது பக்கம் வேண்டாமுங்க, அங்கே குழாய் ஓடுது. தெரியாமக் கால் பட்டுட்டா இந்த மெஷின் கத்தும், சிஸ்டர் வந்து என்னைத்தான் திட்டும். இன்னும் கொஞ்சம் கிட்ட. சத்தமாப் பேச முடியாது. தொண்டை இல்லாம இல்லீங்க; மாட்டுச் சந்தையில் அந்தக் கோடியில் நிக்கிறவனை இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்ட தொண்டை இது. ஆனா கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கா பாருங்க, அவ என் சம்சாரம். பாவாயி. கண்ணாடியாவது ஒண்ணாவது, அவ காதுக்குத் தடையே கிடையாது.

ஆஸ்பத்திரிக்கு வந்து வெங்காயம் உரிக்கிறாளேன்னு பார்க்கிறீங்களா? கை சும்மா இருந்தா அவளுக்கு ஆகாது. போன தடவை சிஸ்டரோட மக பாவாடைக்குக் கரை அடிச்சுக்கிட்டு இருந்தா.

உங்களுக்கு இது முதல் தடவை. கேட்காமலே தெரியுது. சந்தைக்குப் புதுசா ஓட்டிட்டு வந்த கிடாரி மாதிரி காதைத் தூக்கிக்கிட்டு நிக்கிறீங்க. அந்தக் கடைசிப் படுக்கைக்காரர் இறங்கினதும் உங்களை ஏத்துவாங்க. வலிக்காதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஊசி ரெண்டு, மாட்டு ஊசி தடிமன். அதுக்குன்னு ஒரு கையைக் காப்பாத்தி வைப்பாங்க, அதில் வேற ஊசி குத்த விட மாட்டாங்க. ஏறின பிறகு வலி இல்லை. வலி இல்லாததுதான் கொடுமை. கையை நீட்டிப் போட்டுட்டு, உடம்பு ரத்தமெல்லாம் ஒரு குழாயில் வெளிய போய் இன்னொரு குழாயில் உள்ளே வர்றதைப் பார்த்துக்கிட்டே கிடக்கணும். மூக்கு அரிச்சா சொறிய ஒரு கைதான். கட்டுத்தறியில் கட்டின மாட்டுக்காவது தலையைச் சுத்தி ஆட்டிக்க இடம் இருக்கும்.

எத்தனை சொன்னாங்க உங்களுக்கு, வாரத்துக்கு? மூணா? பேசாமலே மூணா? அட, சில பேருக்கு அப்படி அமையுதுங்க. எனக்கு அஞ்சில் ஆரம்பிச்சாங்க. நான்தான் பேசிப் பேசி மூணுக்கு இறக்கினேன். இந்த அறையில் இருக்கிற அத்தனை பேருக்கும் மூணுதான். கேட்டுப் பார்த்தேன், ஒருத்தரும் பேரம் பேசினதாத் தெரியலை. கொடுத்து வெச்சவங்க.

என் சட்டையை என்ன அப்படிப் பார்க்கிறீங்க? இடது கையில் மட்டும் தோளிலிருந்து கீழ வரைக்கும் பட்டன் இருக்குதேன்னா? அதுக்குக் கடைசியா வர்றேன். முதல்ல என்னை எப்படிப் பிடிச்சுக் கட்டினாங்கன்னு கேளுங்க.

நான் மாட்டுத் தரகன். எங்க வியாழச் சந்தையில் அர்த்தநாரின்னா தெரியாத ஆள் கிடையாது. எங்க யாவாரம் வாயில் இல்லீங்க, துண்டுக்குள்ளே. வாங்க வந்தவன் கையைப் பிடிச்சு மேல என் துண்டைப் போட்டு மூடிக்குவேன். உள்ளே ஒரு விரலைப் பிடிச்சா ஒண்ணு, ரெண்டைப் பிடிச்சா ரெண்டு, அஞ்சையும் சேர்த்துப் பிடிச்சா அஞ்சு. நூறா ஆயிரமாங்கிறதை மாடு சொல்லும். நான் ஏத்துவேன், அவன் மடக்கிக் குறைப்பான். சம்மதம்னா உள்ளங்கையில் ஒரு அமுக்கு. அமுக்கிட்டா முடிஞ்சுது, பெத்த மக மேல சத்தியம் பண்ணின மாதிரி. அப்புறம் மாறினவன் சந்தைக்குள்ள கால் வைக்க முடியாது. கையை உள்ளே விட்டவன் ஒரு விலையாவது சொல்லாம வெளிய இழுக்கவும் கூடாது. இழுத்தா மூஞ்சியில் துப்பின மாதிரி. இதெல்லாம் நடக்கிறப்போ வாய் பாட்டுக்கு மழையைப் பத்தியும் மக கல்யாணத்தைப் பத்தியும் பேசிக்கிட்டிருக்கும். சுத்தி நிக்கிறவனுக்கு விலை தெரியக் கூடாதில்லைங்களா?

இன்னொண்ணு. எங்க பக்கத்தில் விக்கிறவன் மாட்டைக் கொடுப்பான், கயிற்றைக் கொடுக்க மாட்டான். கயிறு போனா தொழுவத்து லட்சுமியும் கூடப் போயிடும்னு ஒரு நம்பிக்கை. வாங்குறவன்தான் புதுக் கயிறு கொண்டு வரணும். அதனால எவன் வந்து நின்னாலும் நான் அவன் முகத்தைப் பார்க்க மாட்டேன், மடியைப் பார்ப்பேன். "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேனுங்"ன்னு ஆயிரம் சொல்லட்டும். மடியில் கயிறு சொருகியிருந்தா அவன் வாங்க வந்தவன். பேரத்தை எங்கே ஆரம்பிச்சாலும் வாங்காமப் போக மாட்டான். இந்தக் கண்ணுதான் எனக்கு இத்தனை வருஷம் சோறு போட்டது. என்னை ஏமாத்தினவன் கிடையாது. என் மச்சினன் குழந்தைவேலு ஒருத்தனைத் தவிர.

குழந்தைவேலு பாவாயிக்குத் தம்பி. வேன் வெச்சு ஓட்டுறான். கெட்டிக்காரன். கெட்டிக்காரன்னு நான் சொன்னா அது பாராட்டு இல்லைன்னு புரிஞ்சுக்கோங்க.

பங்குனியில் ஒரு நாள் சந்தையில் நின்னுக்கிட்டிருக்கேன், நெஞ்சில் எருமை ஏறி உட்கார்ந்த மாதிரி ஒரு பாரம். வேர்த்து ஊத்துது. பீடியைப் பத்த வெச்சா இழுக்க முடியலை. எங்கிருந்தோ இந்தக் குழந்தைவேலு வந்துட்டான். "மாமா, ஏறுங்க வண்டியில"ன்னான். "கிடாரி ஒண்ணு பேச்சில் இருக்குது மாப்ளே, முடிச்சுட்டு வர்றேன்"னேன். தூக்கி வேனுக்குள்ள போட்டான். கன்னுக்குட்டியைப் போடுற மாதிரி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். நெஞ்சு ரத்தக் குழாயில் அடைப்புன்னாங்க. தொடையில் ஓட்டை போட்டு உள்ளே ஒரு கம்பியை விட்டு, நெஞ்சு வரைக்கும் கொண்டு போய் ஸ்டென்ட் வெச்சாங்க. நல்லாத்தான் வெச்சாங்க, அதைச் சொல்லிடணும். எந்திரிச்சப்போ அந்த எருமை இறங்கிப் போயிருந்தது. வீட்டுக்கு அனுப்புறப்போ அந்த டாக்டர், "மூணாம் வாரம் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துப் பாருங்க. காலில் நிறம் மாறினாலோ ஒண்ணுக்குப் போறது குறைஞ்சாலோ உடனே வாங்க"ன்னார். நான் தலையாட்டினேன். பாவாயி தலையாட்டலை, அவர் வாயையே பார்த்துக்கிட்டு இருந்தா. புரியலை போலிருக்குது.

சித்திரை பிறந்ததும் ஒரு நாள் குளிக்கிறப்போ பார்க்கிறேன், வலது கால் சுண்டு விரலும் அதுக்குப் பக்கத்து விரலும் நாவல் பழம் தின்ன நாக்கு மாதிரி நீலமா இருக்குது. இடது கால் கட்டை விரலில் ஒரு பொட்டு. இடிச்ச ஞாபகம் இல்லை. தொட்டா உசுரு போகுது. ஆனா பாதம் சூடாத்தான் இருக்குது. கணுக்கால்கிட்ட விரலை வெச்சா நாடி குதிரை மாதிரி ஓடுது. மாட்டுக்குக் காலில் ரத்த ஓட்டம் இருக்குதான்னு நாங்க இப்படித்தான் தொட்டுப் பார்ப்போம். ஓட்டம் இருக்குது, சூடு இருக்குது, அப்போ கால் நல்ல கால். நாமளே டாக்டர்தான்னு துண்டை உதறித் தோளில் போட்டுக்கிட்டேன்.

யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா என்ன ஆகும்? குழந்தைவேலு வேனை எடுத்துக்கிட்டு வந்துடுவான். மறுபடி கம்பி. ரத்தம் கொடுக்கிற நாளும் வந்தது. பஸ் ஏறிப் போய், சந்தைப் பக்கம் ஒரு டீக் குடிச்சுட்டு வந்து, "கொடுத்தேன், எல்லாம் நல்லா இருக்குதாம்"னேன். பாவாயி, "அப்படீங்களா"ன்னா. அவ்வளவுதான். நம்பிட்டா.

வைகாசியில் சோறு பிடிக்காமப் போச்சு. கம்மங்கூழ் வாசனையே குமட்டுது. வாயில் இரும்பைச் சப்பின மாதிரி ஒரு ருசி. காலையில் முகம் உப்பி, கண்ணு இடுங்கிப் போகுது. வெயில்தான்னேன். பித்தம்னேன். அரிப்பு எடுத்துச் சுவத்துல முதுகைத் தேய்ச்சேன், மாடு மாதிரியே. பாவாயி ஒண்ணும் கேக்கலை. என் தட்டில் மீந்ததைப் பார்ப்பா, எடுத்துட்டுப் போவா.

விரல் நிறம் மட்டும் கறுத்துக்கிட்டே வருது. செருப்புப் போட்டாலும் தெரியுது. இப்போ தரகன் மூளைன்னா என்னன்னு கேளுங்க. கொம்பு வெடிச்ச மாட்டை நாங்க சந்தைக்கு எப்படிக் கொண்டு வருவோம்? எண்ணெயும் கரியும் குழைச்சுக் கொம்பு பூராவும் பூசிடுவோம். வெடிப்பில் மட்டும் பூசினா கண்டுபிடிச்சுடுவான். நான் பாவாயிகிட்ட, "உடம்பு சூடா இருக்குது, காலுக்கு மருதாணி அரைச்சு வெச்சு விடு"ன்னேன். "எந்தக் காலுக்குங்க?"ன்னா. "ரெண்டுக்கும்தான்"னேன். பார்த்தீங்களா! அங்கேதான் விஷயம் இருக்குது.

அரைச்சுக் கொண்டு வந்து என் காலை எடுத்து மடியில் வெச்சுக்கிட்டா. விரல் விரலாத் தொட்டு வெச்சுக்கிட்டே வந்தா. வலது சுண்டு விரல்கிட்ட வந்தப்போ எனக்குக் கண்ணில் பொறி பறந்தது. பல்லைக் கடிச்சுக்கிட்டு வெளிய பார்த்து, "வானம் மப்பாட்ட இருக்குது, மழை வருமாட்ட இருக்குது"னேன். அவ தலையைத் தூக்கலை. "ஆமாங்க, மப்பாத்தான் இருக்குது"ன்னா. அந்த விரலை ரொம்ப நேரம் பிடிச்சுக்கிட்டு இருந்தா. மருதாணி காயட்டும்னு போலிருக்குது. அப்படி ஒரு மறைப்பு! எவன் கண்டுபிடிப்பான்?

மறுநாள் விடிஞ்சதும் விடியாததுமா வாசலில் குழந்தைவேலு வேன் நிக்குது.

"மாமா, ஒரு சிந்து மாடு விலைக்கு வருதுங்க. ரெண்டாம் ஈத்து. நீங்க வந்து மடியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னா முடிச்சுப் போடலாமுங்க."

"பல்லு என்ன மாப்ளே?"

"அதெல்லாம் எனக்கு என்னங்க மாமா தெரியும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிடறேன்."

எனக்கு நடக்கக்கூட மூச்சு வாங்குது. ஆனா மாடுன்னு சொன்னப்புறம் எப்படிங்க வீட்டில் இருக்கிறது? ஏறினேன். பாவாயியும் ஏறினா. "நீ எதுக்கு?"ன்னேன். "பால் மாடு வாங்குறீங்க, பொம்பளை பார்க்க வேண்டாமா?"ன்னா. சரிதானேன்னு விட்டேன். வழியில் கண்ணு சொக்கிடுச்சு. முழிச்சுப் பார்த்தா ஆஸ்பத்திரி வாசலில் வேன். சக்கர நாற்காலியோட ரெண்டு பேர் நிக்கிறாங்க. எந்த மாடும் இல்லை. நான்தான் அந்த மாடு.

குழந்தைவேலுவை அன்னிக்குப் பேசின பேச்சை இங்கே சொல்ல முடியாது. அவன் பாவம், "நான் என்னங்க மாமா பண்ணட்டும், சொன்னதைச் செஞ்சேன்"னான். யார் சொன்னதைன்னு கேட்டேன். வாயைத் திறக்கலை. பொய்யன்.

அந்தக் கிட்னி டாக்டரம்மா இருக்குதே, இப்போ கொஞ்ச நேரத்தில் ரவுண்டு வரும், நீங்களே பாருங்க. சின்னப் பொண்ணு. வந்ததும் நெஞ்சைப் பார்க்கலை, நாக்கைப் பார்க்கலை. நேராப் போர்வையைக் காலிலிருந்து தூக்கினது. "ஐயா, இது என்னங்க?"

"மருதாணிங்க. சூட்டுக்கு."

"எதை மறைக்க?"

நான் சிரிச்சேன். அது சிரிக்கலை. விரல் நுனியை அமுக்கிப் பார்த்தது. கணுக்கால் நாடியைத் தொட்டது. அப்புறம் வேட்டியை முழங்கால் வரைக்கும் தள்ளிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே நின்னது. அப்போதான் நானும் பார்த்தேன். ரெண்டு காலிலும் தோலுக்கு அடியில் ஊதா நிறத்தில் கோடு கோடா, கட்டம் கட்டமா, மீன் வலையை இழுத்துப் போர்த்தின மாதிரி. மாட்டுக்குச் சுழி பார்த்தவன் நான். நல்ல சுழியா கெட்ட சுழியான்னு பார்த்த மாத்திரத்தில் சொல்வேன். என் காலில் விழுந்திருந்ததுக்குப் பேர் எனக்குத் தெரியலை. ஆனா வலைன்னு தெரிஞ்சுது.

ரத்தம் எடுத்தாங்க. கண்ணு டாக்டர் வந்து கண்ணுக்குள்ள லைட் அடிச்சார். உள்ளே ரத்த நரம்பில் சின்னதா ஒண்ணு மினுக்குதுன்னு டாக்டரம்மாகிட்டச் சொன்னார். அதுக்கப்புறம் டாக்டரம்மா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தது. டாக்டர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தா நல்ல சேதி இல்லைங்க, தெரிஞ்சுக்கோங்க.

நெஞ்சிலிருந்து வயித்துக்கு ஒரு பெரிய ரத்தக் குழாய் இறங்குதாம். என்னை மாதிரி பீடி குடிச்சவன், கறிச் சாறு குடிச்சவனுக்கெல்லாம் அதோட உள் சுவத்துல கொழுப்பு படிஞ்சு, பொருக்கு மாதிரி கட்டியிருக்குமாம். கம்பி போறப்போ சில பேருக்கு, ரொம்பச் சில பேருக்கு, அந்தப் பொருக்கு உடைஞ்சுடுமாம். உள்ளே இருக்கிற கொழுப்பு கண்ணாடிச் செதில் மாதிரி உதிர்ந்து ரத்தத்தோட போய், குழாய் எங்கெங்கே மயிரிழையா ஆகுதோ அங்கங்கே சொருகிக்குமாம். கால் விரலில். கண்ணுக்குள்ள. கிட்னியில். "பெரிய குழாயில் அடைப்பு இல்லை. அதனாலதான் ஐயா பாதம் சூடா இருக்குது, நாடி ஓடுது. நுனியில்தான் அடைப்பு."

பாவாயி அதுவரைக்கும் பேசாம நின்னவ, "ஏனுங்க டாக்டரம்மா, போர்ப் பைப்பில் உப்புக் கட்டியிருக்கும். மோட்டாரைத் தூக்கி இறக்கினா செதில் செதிலா உதிர்ந்து வந்து சொட்டுநீர்க் குழாய் ஓட்டையை எல்லாம் அடைச்சுப் போடும். அந்த மாதிரிங்களா?"

"அதேதாம்மா."

"சொட்டுநீர்க் குழாயைக் கழட்டித் தட்டலாமுங்க. இதை?"

"இதைத் தட்ட முடியாதும்மா. சொருகினது சொருகினதுதான். இனிமே உதிராமப் பார்த்துக்கலாம். மறுபடி கம்பி விடாமப் பார்த்துக்கலாம். கெட்ட ரத்தத்தைச் சுத்தம் பண்ணலாம், மெஷினில்."

அப்போ சொருகினது சொருகினதுதான். எனக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது.

டயாலிசிஸ் அறையைக் காட்டக் கூட்டிட்டு வந்தாங்க. இதே அறைதான். இதே வாசலில் நின்னு பார்த்தேன். வரிசையாப் படுத்திருக்காங்க. ஒவ்வொருத்தர் கையிலிருந்தும் சிவப்பா ஒரு கயிறு மெஷினுக்குப் போகுது. யாரும் பேசலை. எல்லாக் கண்ணும் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துட்டு மறுபடி மேல போயிடுச்சு. சந்தையில் கயிறு மாத்தின மாடுங்களை லாரிக்குப் பக்கத்தில் வரிசையாக் கட்டியிருப்பாங்க. அதுங்க இப்படித்தான் பார்க்கும். கயிறு மாறினதும் ஒரு தடவை கத்தும். ஒரே ஒரு தடவை. அப்புறம் கத்தாது.

நானும் கத்தினேன். "சாகிறேன், விடுங்கடா! எனக்கு வேண்டாம்!"னு. நாற்காலியைத் திருப்பிக் கொண்டு போய்ட்டாங்க.

டாக்டரம்மா பொய் சொல்லலைங்க. "மெஷின் ஏறலைன்னா மூச்சு முட்டும். அதிக நாள் தாங்காது. முடிவு உங்களுதுதான், நான் கட்டிப் போட மாட்டேன்"னு என் முகத்துக்கு நேரா சொன்னது. அப்புறம் பாவாயியை வெளிய கூப்பிட்டு என்னமோ பேசினது. எனக்குச் சந்தை இரைச்சலுக்கு நடுவுல ஒருத்தன் மூச்சு விடுறதை வெச்சு அவன் விலைக்கு மசிவானான்னு தெரியும். ஆனா பக்கத்துப் படுக்கையில் ஆவி பிடிக்கிற மெஷின் புஸ்ஸுன்னு ஓடுது, ஒண்ணும் கேக்கலை. உள்ளே வந்தவ முகத்திலும் ஒண்ணும் இல்லை. என் இடது மணிக்கட்டுல ஒரு மஞ்சத் துணியைக் கட்டி விட்டா. ஏதோ சாமிக்கு வேண்டுதல்னு நினைச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் ரத்தம் எடுக்க வந்த பொண்ணுங்க எல்லாம் அந்தத் துணியைப் பார்த்துட்டு வலது கைக்கே போச்சுங்க. சாமிக்குப் பயந்துக்கிட்டு.

மக திருப்பூரிலிருந்து போனில் அழுதா. "அப்பா, ஏறுங்கப்பா." குழந்தைவேலு வந்து, "மாமா, நீங்க இல்லாம எங்களுக்கு யாருங்க"ன்னான். "சிந்து மாட்டைப் பிடிச்சுக்கோ"ன்னேன். எல்லார்கிட்டயும் ஒரே பதில்: வேண்டாம். பாவாயி மட்டும் கேக்கவே இல்லை. அதுதான் எனக்குக் குத்துச்சு. இன்னும் கேளுங்க, மறுநாள் காலையில் தம்பியை எனக்குக் காவல் வெச்சுட்டு, "மாட்டைக் கறக்கணும்"னு சொல்லி வீட்டுக்குப் போயிட்டா. மத்தியானம் போன் போட்டேன். "சொல்லுங்க"ன்னா. பின்னாடி கடகடன்னு சத்தம். என் காதை ஏமாத்த முடியுமா? தையல் மெஷின்! இங்கே புருஷன் சாகக் கிடக்கிறான், அங்கே இவ ஊராளுக்கு ரவிக்கை தைக்கிறா. "மாடு மெஷின்லதான் கறக்குதா?"ன்னு கேட்டுட்டுப் போனை வெச்சுட்டேன். அன்னிக்குச் சுவத்தைப் பார்த்துப் படுத்தவன், அவ சாயங்காலம் ஒரு பையோட வந்து கட்டிலுக்குக் கீழ வெச்சப்போகூடத் திரும்பலை.

மெஷின் கத்துதேன்னு பதறாதீங்க. என்னுது இல்லை, அந்தப் பக்கத்துது. சிஸ்டர் ஒரு பட்டனை அமுக்கும், நின்னுடும். ஆங், நின்னுடுச்சு.

அதுக்கு மறுநாள். எனக்கு நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேச மூச்சு இல்லை. படுத்தா முட்டுது, உட்கார்ந்தே இருக்கேன். பாவாயி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தா. என் துண்டை எடுத்தா. முகத்தைத் துடைக்கப் போறான்னு நினைச்சேன். அவ என் இடது கையை எடுத்துத் தன் கைக்குள்ள வெச்சுக்கிட்டு, மேல துண்டைப் போட்டு மூடினா.

மூடினவ, என் அஞ்சு விரலையும் சேர்த்துப் பிடிச்சா.

எங்க சந்தையில் துண்டுக்குள்ள கை விட்ட பொம்பளை கிடையாது. பொம்பளைக்குச் சொல்லிக் கொடுக்கிற வித்தையும் இல்லை. அஞ்சு! வாரத்துக்கு அஞ்சு நாள் என்னை அந்தக் கயிற்றில் கட்டணும்கிறா!

"இடது கையிலயா யாவாரம்?"னேன். "இடது கையில் பேசினவன் உருப்பட மாட்டான்."

"உருப்படறதுக்குத்தானுங்க"ன்னா.

கையை இழுக்கலாம்னு பார்த்தேன். இழுக்கக் கூடாதில்லைங்களா? ஒரு விலையாவது சொல்லித்தானே ஆகணும். எத்தனை வருஷத்துக் கை இது. மூளை வேண்டாம்னு சொல்றதுக்கு முந்தியே விரல் முந்திக்கிச்சு. அவ சுண்டு விரலைப் பிடிச்சேன். ஒண்ணு.

அவ ஜன்னலைப் பார்த்து, "வானம் மப்பாத்தான் இருக்குது"ன்னா. விரல் அஞ்சும் இறுகுது.

"மழை வருமாட்ட இருக்குது"ன்னேன். ஒண்ணுதான், அசைய மாட்டேன்.

"சோளத்தட்டு நனைஞ்சுடும்." கட்டை விரலை மட்டும் விட்டா. நாலு.

எதிர்க் கட்டில்காரர் எங்களையே பார்க்கிறார். பொண்டாட்டி புருஷன் கையைப் பிடிச்சுக்கிட்டு மழையைப் பத்திப் பேசறாங்கன்னு அந்த மனுசனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. உள்ளே என்ன நடக்குதுன்னு அவருக்கு என்ன தெரியும்! நான் ரெண்டுக்கு வந்தேன். அவ நாலில் நிக்கிறா. குழி விழுந்த என் நகத்தை ஒரு தடவை தடவினா, அது எங்க பாஷையில் கிடையாது, ஆனா அந்தப் பிடியைத் தளர்த்தலை. எனக்கு வேர்க்குது. இப்படி ஒரு கையை நான் சந்தையில் பார்த்ததில்லைங்க. பதறாத கை.

"நனைஞ்சா நனையட்டும்"னேன். "வியாழக்கிழமை சந்தை இருக்குது. அன்னிக்கு ஆள் வேணுமே."

அவ கொஞ்ச நேரம் யோசிச்சா. யோசிக்கிறதுக்கு நான் விட்டேன், அதுதான் தரகு. அப்புறம் மெதுவா, மனசே இல்லாத மாதிரி, இன்னும் ஒரு விரலை விட்டா. மூணு.

"வியாழக்கிழமை உங்களுது"ன்னா. "நான் அந்தப் பக்கமே வரலை."

எனக்கு உடம்பெல்லாம் ஒரு குளுமை. அஞ்சிலிருந்து மூணு! அதுவும் சந்தை நாள் போக! இதுக்கு மேல இழுத்தா யாவாரம் முறிஞ்சுடும், எந்த இடத்தில் நிறுத்தணும்னு எனக்குத் தெரியும். அவ உள்ளங்கையை ஒரே அமுக்கு. முடிஞ்சுது.

இன்னிக்கும் வியாழக்கிழமை சந்தைக்குப் போறேன். அந்த ரெண்டு விரலும் கருகிக் காய்ஞ்சு எடுத்தாச்சு, வலது செருப்பு நிக்கிறதில்லை, வார் வெச்சுக் கட்டியிருக்கேன். வேப்ப மரத்துக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தா பையனுங்க துண்டோட என்கிட்டத்தான் வர்றானுங்க. தண்ணி அளந்துதான் குடிக்கணும். பரவாயில்லை. பேசி முடிச்சது பேசி முடிச்சதுதான்.

முடிஞ்சதும் நான் அவளைக் கேட்டேன். "ஏண்டி, இந்த பாஷையை உனக்கு எவன் சொல்லிக் கொடுத்தான்? உன்ற தம்பியா?"

"அவனுக்கு என்னங்க தெரியும்"னா. "கல்யாணம் ஆன நாள்ல இருந்து தூக்கத்துல என்ற கையைப் பிடிச்சுக்கிட்டு யாவாரம் பண்ணிட்டுத்தானே இருக்கீங்க. எத்தனை மாடு எனக்கு வித்திருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியாது."

எனக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் மூச்சு முட்டி, சிஸ்டர் ஓடி வந்து ஆக்சிஜன் மாஸ்க்கைப் போட்டுச்சு. "ஐயா மெஷினுக்குச் சம்மதிச்சுட்டாருங்க, டாக்டரம்மாகிட்டச் சொல்லிடுங்க"ன்னு பாவாயி அதுகிட்ட ரொம்பச் சாதாரணமாச் சொன்னா. சொல்லிட்டுத் துண்டை எடுத்து, ஒரு உதறு உதறி, என் தோளில் போட்டா. கட்டிலுக்குக் கீழ குனிஞ்சு, முந்தின நாள் கொண்டு வந்து வெச்ச அந்தப் பையை இழுத்தா. உள்ளே இருந்து ஒவ்வொண்ணா எடுத்து என் மடியில் அடுக்கினா. என் சட்டைங்கதான், மூணு. இடது கையை மட்டும் தோளிலிருந்து பிரிச்சு, வரிசையாப் பட்டன் வெச்சுத் தைச்சு, தேய்ச்சு மடிச்சுக் கொண்டு வந்திருந்தா.